அகல உழுவதா, ஆழ உழுவதா?

'சிவிலைசேஷன்' வீடியோ கேமை ஆடுபவர் எவரும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: அடுத்த நகரத்தை இப்போதே எழுப்புவதா, இருக்கிற நகரத்தை வளர்ப்பதா? கி.மு. 4000இல் ஒரு குடியேறிக் கூட்டத்தோடு ஆட்டம் தொடங்குகிறது. தலைநகர் அமைந்ததும் சுற்றிலும் காலி நிலம் தெரிகிறது. ஆற்றோரம் ஓரிடம் வா என்கிறது, தங்கம் கிடைக்கும் மலையடிவாரம் இன்னோரிடம், கடற்கரையில் மற்றோரிடம். எத்தனை நகரம் போதும் என்பதை ஆடுபவரின் ஆசை மட்டும் முடிவு செய்வதில்லை. பேரரசு பெருப்பதற்கு ஆட்டத்தை வடிவமைத்தவர் என்ன விலை வைத்திருக்கிறார் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

1991இல் சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்துக்காக முதல் பாகத்தை உருவாக்கினார்கள். 2025 பிப்ரவரியில் ஃபிராக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய ஏழாம் பாகம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த விலை பாகத்துக்குப் பாகம் மாறியிருக்கிறது. அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்பது நம் பழமொழி. அதைக் கணினித் திரையில் எப்படியாவது மெய்யாக்கிவிட வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டு வருகிறார்கள். சிலர் விரிவை வீணாக்கினார்கள், சிலர் தடுத்தார்கள், சிலர் கைவிட்டுவிட்டார்கள். விரிவுக்கு நியாயமான விலை வைத்தவர்கள் மிகக் குறைவு.

முதல் இரண்டு பாகங்களில் பழமொழி அடியோடு பொய்த்துப் போனது. காரணம் எளிய கணக்கு. வரைபடம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும்; நகரம் நிற்கும் மையக் கட்டம் ஆளில்லாமலே விளையும். அதற்கு மேல் ஒவ்வொரு குடிமகனும் ஒரு கட்டத்தில் உழைப்பார். 10 பேர் வாழும் ஒரு நகரத்துக்கு 11 கட்டங்களின் விளைச்சல் கிடைக்கும். அதே 10 பேர் 10 நகரங்களாகப் பிரிந்திருந்தால் 20 கட்டங்கள் விளையும். நகரம் பெருக்கப் பெருக்க அடுத்த ஆள் பிறப்பதற்கு வேண்டிய உணவும் ஏறிக்கொண்டே போகும். முதல் பாகத்தில் 10 பேரைத் தாண்டுவதற்கு நீர்க்கால்வாய் வேறு கட்ட வேண்டும். சின்ன நகரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. எனவே கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் நகரங்களை நெருக்கி நெருக்கி நட்டு வரைபடத்தையே நிரப்பினார்கள். அந்த உத்திக்கு 'முடிவில்லா நகரப் பரவல்' என்று பெயர் நிலைத்தது. 1990களின் நடுவில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஃப்ரீசிவ் என்ற இலவச ஆட்டத்தில் இதையே 'பெரியம்மை' என்று அழைத்தார்கள். வரைபடம் பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்.

ஃப்ரீசிவ் இதற்கு நேரடியாக ஒரு மருந்து வைத்தது. பேரரசின் நகர எண்ணிக்கை ஓர் அடிப்படை எண்ணைத் தாண்டினால் எல்லா நகரங்களிலும் கூடுதலாக ஒருவர் அதிருப்தி அடைவார். அதன்பின் குறிப்பிட்ட படி ஏறும்போதெல்லாம் இன்னொருவர். அந்த எண்கள் ஆட்சிமுறைக்கு ஏற்ப மாறும். நேர்மையான விதிதான். ஆனால் ஒரேயொரு ஆள் வாழும் நகரத்தில் அதிருப்தி அடைய எத்தனை பேர் இருக்கிறார்கள்? தடை பெரிய நகரங்களைத்தான் கடித்தது. நோய்க்குக் காரணமான குட்டி நகரங்கள் தப்பிவிட்டன.

மூன்றாம் பாகம் 2001இல் வந்தது. அது ஊழலை ஆயுதமாக எடுத்துக்கொண்டது. முதல் பாகத்திலேயே தலைநகரிலிருந்து தொலைவு கூடக் கூட வருவாயில் ஒரு பங்கு ஊழலில் கரையும். மூன்றாம் பாகம் அதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்தது. வரைபடத்தின் அளவைப் பொறுத்து 'உகந்த நகர எண்ணிக்கை' ஒன்று உண்டு; அதைத் தாண்டி எழும் நகரங்களின் உழைப்பில் பெரும்பகுதி வீணாகும். கடைக்கோடி நகரம் ஒன்று வயலும் சுரங்கமுமாகச் செழித்து நின்றாலும் ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 அலகு உற்பத்திதான் கைக்கு வரும். 60 அலகு கேட்கும் ஒரு கட்டடத்தை அங்கே எழுப்ப 60 சுற்றுகள் காத்திருக்க வேண்டும். 

கடுமையான தண்டனையாகத் தோன்றும் இது, உண்மையில் யாருடைய கையையும் கட்டவில்லை. பயன் தராத நகரம் நட்டம் தரும் நகரம் ஆகாது அல்லவா? அந்த நகரம் இருந்தால் அங்கே நாளைக்குப் பெட்ரோலியமோ ரப்பரோ கிடைக்கலாம். பக்கத்து நாட்டுக்காரன் அந்த இடத்தைப் பிடிக்காமல் தடுக்கலாம். ஆகவே உறைபனிப் பாலைவனத்தின் கடைசிக் கட்டம் வரை எல்லோரும் நகரம் நட்டார்கள். விரிவு குறையவில்லை, விரிந்தபின் செய்வதற்கு வேலைதான் இல்லாமல் போனது. விரிவைத் தடுக்கும் முயற்சிகளில் இதைவிட மோசமானது வேறொன்று இல்லை.

அடுத்த பாகம் 2005இல் வந்தபோது தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன். மூன்றாம் பாகத்திலும் பணியாற்றியவர். அவர் ஊழலை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிட்டு நகரத்துக்கே பராமரிப்புச் செலவு வைத்தார். முந்தைய பாகங்களில் கோயிலுக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு என்று கட்டடத்துக்குக் கட்டடம் பொன் கட்டி வந்தார்கள். இப்போது கட்டடங்களுக்கு எதுவும் கிடையாது, நகரம் என்று ஒன்று இருந்தாலே செலவுதான். அந்தச் செலவில் ஒரு பகுதி தலைநகரிலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்தது. இன்னொரு பகுதி மொத்த நகர எண்ணிக்கையைப் பொறுத்தது, கூர்மையானது அதுதான். ஏழாவது நகரத்தை எழுப்பினால் அதன் செலவோடு முடிவதில்லை, ஏற்கெனவே இருக்கும் ஆறு நகரங்களின் செலவும் ஏறும்.

புதிய நகரம் முதல் நாளில் என்ன தருகிறது? மையக் கட்டத்திலிருந்து 2 உணவு, 1 உற்பத்தி, 1 வணிகம். சாலை போட்டு இணைத்தால் வணிகப் பாதையில் இன்னொரு 1. கருவூலம் அதற்காகக் கொடுப்பது பெரும்பாலும் இதைவிட அதிகம். அதாவது புதிய நகரம் கடனோடு பிறக்கிறது. திரையின் மேற்புறத்தில் தெரியும் ஆராய்ச்சி விகிதம் (வணிகத்தில் ஆராய்ச்சிக்குப் போகும் பங்கு) 100 சதவீதத்திலிருந்து 80, 60, 40 என்று கண்ணெதிரே இறங்கும். பொன் தீர்ந்துவிட்டால் படைகள் சம்பளம் இல்லாமல் கலையத் தொடங்கும். நாணயம் என்ற தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்தால் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு வணிகப் பாதை கூடும். சட்டத்தொகுப்பைக் கண்டுபிடித்தால் நீதிமன்றம் கட்டலாம். 120 அலகு உற்பத்தி கேட்கும் நீதிமன்றம் அந்த நகரத்தின் பராமரிப்புச் செலவைப் பாதியாக்கும். இந்த இரண்டையும் எட்டிப் பிடிக்கும்வரை பேரரசுக்கு மூச்சுத் திணறும். பிடித்துவிட்டால் பத்து நகரக்காரர் ஆறு நகரக்காரரை ஆராய்ச்சியில் முந்திப் போவார்.

இந்த விதியின் பலம் இங்கேதான் இருக்கிறது. எத்தனை நகரம் என்ற கேள்வியை எப்போது என்ற கேள்வியாக அது மாற்றிவிடுகிறது. இன்று ஒரு நகரம் கூட எழுப்பினால் ஐம்பது சுற்றுக்குப் பிறகு லாபம். ஆனால் அதற்குள் பக்கத்து நாட்டான் வில்லாளிகளோடு வந்துவிட்டால்? ஆராய்ச்சி 40 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் எதிரி குதிரைப்படையைக் கண்டுபிடித்துவிட்டால்? அகலக்கால் வைப்பது தவறு என்று விதி சொல்வதில்லை. கால் ஊன்றும்வரை தாங்குவாயா என்று கேட்கிறது. 

வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கிறது. கி.மு. 167இல் மாசிடோனியாவின் கருவூலத்தை அள்ளிக்கொண்டு வந்த ரோம், தன் குடிமக்களிடம் வாங்கிவந்த நேரடி வரியையே நிறுத்தி வைத்தது. வெற்றி தொடரும்வரை பேரரசு தன்னைத் தானே சுமந்தது. பிடிப்பதற்குச் செல்வமான நாடுகள் தீர்ந்தபின் எல்லைக் காவலும் நிர்வாகமும் உள்ளூர் வரியின் தலையில் விழுந்தன. சமூகச் சிக்கல் கூடக் கூட அதன் பலன் குறைந்துகொண்டே போகும் என்று மானுடவியலாளர் ஜோசப் டெயின்டர் 1988இல் எழுதிய நூலில் ரோமைத்தான் முதன்மைச் சான்றுகளில் ஒன்றாக வைக்கிறார். நான்காம் பாகத்தில் போர் தொடுத்துக்கொண்டே போகும் ஆட்டக்காரரும் இதையே அனுபவிக்கிறார். பிடித்த நகரங்களில் கிடைக்கும் கொள்ளைப் பொன் பராமரிப்பை ஈடுகட்டும். படையெடுப்பு நின்ற அடுத்த பத்துச் சுற்றில் கணக்கு முழுசாக வந்து நிற்கும்.

இந்த விலையை எப்படிக் கட்டுவது என்பதிலிருந்துதான் அந்தப் பாகத்தின் புகழ்பெற்ற இரு பொருளாதார உத்திகள் பிறந்தன. ஒன்று குடிசைப் பொருளாதாரம், மற்றொன்று நிபுணர் பொருளாதாரம். ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய விஷயம் இது.

முதலில் குடிசை. புல்வெளிக் கட்டம் ஒன்றில் குடிசை போட்டால் முதலில் 1 வணிகம் தரும். அந்தக் கட்டத்தில் ஆள் தொடர்ந்து உழைத்தால் 10 சுற்றில் அது குக்கிராமம் ஆகி 2 தரும். இன்னும் 20 சுற்றில் கிராமம் ஆகி 3. மேலும் 40 சுற்றில் பேரூர் ஆகி 4. மொத்தம் 70 சுற்று. அச்சு இயந்திரம் வந்தபின் பேரூருக்கு 1 கூடும், பேச்சுரிமையை அரசுக் கொள்கையாக ஏற்றால் இன்னும் 2. 1இல் தொடங்கிய கட்டம் 7இல் போய் நிற்கிறது. புல்வெளி தரும் 2 உணவு உழைப்பவருக்கே சரியாகப் போவதால் அவருக்கு வேறெங்கிருந்தும் சோறு கொண்டுவர வேண்டாம். ஆனால் எதிரிப் படை ஒன்று உள்ளே நுழைந்து அந்தக் கட்டத்தைச் சூறையாடினால் பேரூர் கிராமமாகும். விடாமல் சூறையாடினால் குடிசையும் மிஞ்சாது. 70 சுற்றின் உழைப்பு நான்கைந்து சுற்றில் போய்விடும். எல்லையோரத்தில் குடிசை போடாதே என்று தேர்ந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

நிபுணர் வழி வேறு. இரண்டு புல்வெளிகளில் பண்ணை போட்டால் ஒவ்வொன்றிலும் 3 உணவு. உழைப்பவர் உண்டது போக ஆளுக்கு 1 மிஞ்சும். மிஞ்சிய 2 உணவில் நகரத்துக்குள் ஒரு விஞ்ஞானியை உட்கார வைக்கலாம். அவர் சுற்றுக்கு 3 ஆராய்ச்சிப் புள்ளி தருவார். பிரதிநிதித்துவ ஆட்சி இருந்தால் 6. பிரமிடுகளைக் கட்டியவருக்கு அந்த ஆட்சிமுறை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். கூடவே விஞ்ஞானி ஒவ்வொருவரும் சுற்றுக்கு 3 மேதைப் புள்ளிகளைச் சேர்ப்பார். முதல் மாமேதை பிறக்க 100 புள்ளி வேண்டும். நூலகத்தில் இரண்டு விஞ்ஞானிகளை உட்கார வைத்தால் 17 சுற்றில் ஒருவர் வந்துவிடுவார். அவரைக் கொண்டு கல்விக்கழகம் எழுப்பலாம் அல்லது ஒரு தொழில்நுட்பத்தின் பெரும்பகுதியை ஒரே மூச்சில் முடிக்கலாம்.

மூன்று பேரின் உழைப்பை வைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் நிபுணர் வழி 3 அல்லது 6, குடிசை வழி 3. எழுபது சுற்று கழித்து அதே மூவரின் பேரூர்கள் 12 தரும், பின்னர் 21 வரை போகும். வெறும் கூட்டலில் குடிசைதான் வெல்கிறது. ஆனால் பேரரசின் அளவைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறுகிறது. குடிசையின் வணிகம் ஆராய்ச்சி விகிதத்தின் வழியே போக வேண்டும். பராமரிப்புக்காக விகிதத்தை 30 சதவீதத்துக்கு இறக்கினால் ஆராய்ச்சிக்குப் போவதும் 30 சதவீதம்தான். விஞ்ஞானி தரும் புள்ளிகளை அந்த விகிதம் தொடுவதே இல்லை. ஆகவே வேகமாக விரிபவர், வணிகம் முழுவதையும் பராமரிப்புக்குக் கொடுத்துவிட்டு ஆராய்ச்சியை நிபுணர்களிடம் விடலாம். நிதானமாக ஏழெட்டு நகரங்களோடு நிற்பவருக்குக் குடிசைதான் சரி. நல்ல ஆட்டக்காரர்கள் தலைநகரில் குடிசையும் உணவு மிகுந்த இன்னொரு நகரத்தில் நிபுணர்களுமாகக் கலந்தே ஆடினார்கள். ஒரே விதி இத்தனை வழிகளுக்கு இடம் கொடுத்தது என்பதுதான் அதற்குக் கிடைக்க வேண்டிய பெரிய பாராட்டு.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, அந்த விலை ஒருமுறை கட்டித் தீர்க்கும் விலை. நீதிமன்றங்கள் எழுந்து, அரசுடைமைக் கொள்கையும் வந்து தொலைவுச் செலவை நீக்கிவிட்டால், பிற்பாதியில் பரந்த பேரரசுக்கு எதிரே சின்ன நாட்டால் நிற்க முடியாது. பண்பாட்டு வெற்றி என்று ஒரு வழி உண்டு. மூன்று நகரங்கள் தலா 50,000 பண்பாட்டுப் புள்ளிகளைத் தொட்டால் போதும். ஆழ உழுபவருக்கென்றே வைத்த கதவு போலத் தோன்றும். ஆனால் நடுத்தர வரைபடத்தில், பண்பாட்டைப் பெருக்கும் ஒரு பேராலயத்துக்கு மூன்று நகரங்களில் கோயில் வேண்டும். மூன்று நகரங்களிலும் பேராலயம் எழுப்ப ஒன்பது நகரங்கள் தேவை. அந்தக் கதவும் அகலமாக உழுதவருக்கே எளிதில் திறக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. தொடக்க காலத்தில் மிக வலுவான பொருளாதாரக் கொள்கை அடிமைமுறை. ஓர் ஆளைப் பலி கொடுத்தால் 30 அலகு உற்பத்தி கிடைக்கும். களஞ்சியம் உள்ள சின்ன நகரத்தில் அந்த ஆளை மறுபடி வளர்த்தெடுக்க 12 உணவு போதும். தண்டனை, ஒருவரின் கோபம் 10 சுற்றுக்கு. கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார், நீதிமன்றங்களையும் அப்படியே கட்டிமுடிப்பார். அடிமைமுறை வரலாற்றில் இருந்தது உண்மை. அதை ஆட்டத்தில் வைத்ததில் தவறில்லை. அதன் விலையைப் பத்துச் சுற்றுக் கோபமாகச் சுருக்கியதுதான் தவறு. 2007இல் வந்த 'பியாண்ட் தி ஸ்வோர்டு' விரிவாக்கத்தில் அடிமைகளின் கலகம் தற்செயல் நிகழ்வாக நுழைந்தது. கணக்கைத் திருத்துவதற்கு அது போதவில்லை.

ஜான் ஷேஃபர் வடிவமைத்த ஐந்தாம் பாகம் 2010இல் பொன்னை விட்டுவிட்டு மகிழ்ச்சியைப் பிடித்துக்கொண்டது. பேரரசு முழுவதற்கும் ஒரே மகிழ்ச்சிக் கணக்கு. ஒவ்வொரு நகரமும் அதிலிருந்து 3 குறைக்கும், ஒவ்வொரு குடிமகனும் 1 குறைப்பார். காந்தியின் இந்தியாவுக்கு மட்டும் தனி விதி: நகரத்துக்கான குறைவு இரட்டிப்பு, ஆளுக்கான குறைவு பாதி. 6 பேர் வாழும் நகரம் எல்லா நாட்டுக்கும் 9 குறைக்கும், இந்தியாவுக்கும் 9தான். 12 பேர் ஆனால் மற்றவர்களுக்கு 15, இந்தியாவுக்கு 12. சில பெருநகரங்களோடு நிற்கும் நாடாக இந்தியாவை ஆட வைக்கும் இந்தச் சிறு கணக்கு மிக அழகானது. அகலமும் ஆழமும் வேறு வேறு நாடுகளின் இயல்பாக இருக்கட்டும் என்ற யோசனையை வடிவமைப்பாளர்கள் இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கலாம். 2013இன் 'பிரேவ் நியூ வேர்ல்டு' விரிவாக்கத்தில் வந்த வெனிஸ் அந்த யோசனையின் உச்சம்: வேறு நகரமே எழுப்ப முடியாது, பதிலுக்கு வணிகப் பாதைகள் இரட்டிப்பு.

ஆனால் மற்ற நாடுகளுக்கு என்ன ஆனது? வெளியான புதிதில் கடல்சார் நகர அரசுகளை நட்பாக்கினால் எல்லா நகரங்களுக்கும் இலவச உணவு வந்தது. பழைய நகரப் பரவல் மறுபடி தலைதூக்கியது. அதை அடக்க அடக்க விதிகள் இறுகின. 2013 வாக்கில் ஒவ்வொரு கூடுதல் நகரமும் எல்லாத் தொழில்நுட்பங்களின் விலையையும் 5 சதவீதம் உயர்த்தியது. சமூகக் கொள்கைகளின் விலையும் நகரத்துக்கு நகரம் ஏறியது. தேசியக் கல்லூரி கட்ட எல்லா நகரங்களிலும் நூலகம் வேண்டும். மரபு என்ற கொள்கைக் குழுவோ முதல் நான்கு நகரங்களுக்குப் பண்பாட்டுக் கட்டடமும் நீர்க்கால்வாயும் இலவசமாகக் கொடுத்தது. எல்லாம் சேர்ந்து விடையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டன: நான்கு நகரம். கண்டம் பெரிதோ சிறிதோ, ஆறு ஓடுகிறதோ பாலையோ, நான்கு. ஐந்தாவது இடத்தில் எத்தனை வளம் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போக வேண்டும். சின்ன நாடுகளை வாழ வைத்த சாதனை இந்தப் பாகத்துக்கு உண்டு. ஆனால் நிலத்தைப் பார்த்து யோசிக்கும் சுகத்தை அது பறித்துக்கொண்டது. இந்த வகை ஆட்டத்தின் உயிரே அந்தச் சுகம்தான்.

ஆறாம் பாகம் 2016இல் ஊஞ்சலை எதிர்ப்பக்கம் தள்ளியது. எட் பீச் வடிவமைத்த இதில் மகிழ்ச்சிக் கணக்கு நகரத்துக்கு நகரம் தனித்தனி. குடியேறிகளின் விலை ஏறுவது தவிர எண்ணிக்கைக்குத் தடை ஏதுமில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கொரு கல்வி வளாகமும் வணிக மையமும் கட்டிக்கொள்ளும். ஆகவே நகரம் கூடினால் எல்லாம் கூடும். 2018 விரிவாக்கத்தில் வந்த விசுவாச விதி, தொலைவில் எதிரியின் மக்கள்தொகைக்கு நடுவே நட்ட நகரத்தைக் கைநழுவச் செய்தது. எத்தனை என்பதைக் கட்டுப்படுத்தாமல் எங்கே என்பதைக் கட்டுப்படுத்திய நல்ல விதி அது.

ஆனால் ஆறாம் பாகம் இன்னொரு விலையை அம்பலப்படுத்தியது. அது ஆடுபவரின் நேரம். இருபது நகரங்கள் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இருபது இடங்களிலிருந்து அடுத்து என்ன கட்டுவது என்று கேள்வி வரும். வெற்றி உறுதியான பிறகும் நூறு சுற்று இப்படி ஓட்ட வேண்டும். பாதியில் கைவிடப்படும் ஆட்டங்களுக்கு இந்தச் சலிப்பே பெரிய காரணம். பொன்னுக்கும் மகிழ்ச்சிக்கும் கணக்கு வைத்தவர்கள் இதற்கு வெகுகாலம் கணக்கு வைக்கவில்லை. சோரன் ஜான்சன் பின்னர் தம் மோஹாக் கேம்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய 'ஓல்டு வேர்ல்டு' இதை நேரடியாகத் தொட்டது. அரசன் ஒரு சுற்றில் இடக்கூடிய ஆணைகளுக்கு அளவு உண்டு. படையை நகர்த்துவதும் தொழிலாளியை ஏவுவதும் அதிலிருந்தே கழியும். பேரரசு பெருத்தால் ஆணை போதாது. ஆளும் திறனையே தட்டுப்பாடான பொருளாக்கிய இந்த யோசனை, அளவுக்கு விலை வைக்க நான்காம் பாகத்துக்குப் பின் வந்தவற்றில் மிகச் சிறந்தது.

ஏழாம் பாகம் வேறொரு வழியில் அதே நேரப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கிறது. புதிதாக எழும் குடியிருப்பு சிற்றூராகத் தொடங்கும். சிற்றூரில் என்ன கட்டுவது என்ற வரிசையே கிடையாது. அதன் உற்பத்தி பொன்னாக மாறும், வளர்ந்தபின் ஒரு தொழிலில் நிலைநிறுத்தினால் அதன் உணவு இணைந்த நகரங்களுக்குப் போகும். அகலமாக உழுத நிலம் ஆழமாக உழுத நகரத்துக்குச் சோறு போடுகிறது. நல்ல தீர்வு. அதன் மேல் வைத்த குடியிருப்பு வரம்பு அவ்வளவு நல்லதல்ல. வரம்பைத் தாண்டும் ஒவ்வொன்றுக்கும் எல்லாக் குடியிருப்புகளிலும் 5 மகிழ்ச்சி குறையும். வெளியானபோது இருந்த விதிப்படி 35க்கு மேல் குறையாது. அதாவது ஏழு கூடுதலைத் தாங்கியவருக்கு எட்டாவது இலவசம். சின்ன மீறலைத் தண்டித்துப் பெரிய மீறலை விட்டுவிடும் விதி அது.

இந்தப் பாகத்தில் சோழர்களும் வருகிறார்கள், தஞ்சைப் பெரிய கோயிலோடும் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் பெயரோடும். அவர்களுடைய உண்மையான வரலாறு, பேரரசின் அளவு பற்றி எல்லாப் பாகங்களையும் விடக் கூர்மையாகப் பேசுகிறது. இலங்கையில் சோழர்கள் நிலத்தைப் பிடித்து ஆண்டார்கள், பொலன்னறுவையில் தலைநகர் வைத்தார்கள். 1070இல் சிங்கள மன்னர் முதலாம் விஜயபாகு அதை மீட்டுக்கொண்டார். 1025இல் சோழ மன்னன் ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. அங்கே நிலையான மாகாணம் எதையும் அமைக்கவில்லை. ஆனால் இலங்கை கைவிட்டுப்போய் 18 ஆண்டுகள் கழிந்தபின்னும், 1088இல், சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்தருகே ஐந்நூற்றுவர் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். பிடித்த நிலம் போய்விட்டது, பிடிக்காத கடலில் வணிகம் நடந்தது. அகலமா ஆழமா என்ற இரண்டே வழிக்குள் அடங்காத இந்தப் பேரரசை, குடியிருப்புகளை எண்ணி அளக்கும் விதிகளால் காட்ட முடியவில்லை.

எண்ணி அளப்பதில் இன்னொரு பழுதும் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது தெரியும் காலி நிலம் வரலாற்றில் பெரும்பாலும் காலியாக இருந்ததில்லை. 2018 ஜனவரியில், கனடாவின் கிரீ இனத் தலைவர் பவுண்ட்மேக்கரை ஆறாம் பாகத்தில் சேர்ப்பதாக அறிவிப்பு வந்தபோது, பவுண்ட்மேக்கர் கிரீ நேஷனைச் சேர்ந்த மில்டன் டூடூசிஸ் அதைக் கண்டித்தார். பிற மக்களை வென்று அவர்கள் நிலத்தைக் கைக்கொள்வது தம் மக்களின் நோக்கமாக என்றும் இருந்ததில்லை. காலனியவாதிகளின் விழுமியங்களை இந்த ஆட்டம் தங்கள் மேல் ஏற்றிச் சொல்கிறது என்பது அவர் வாதம். அந்த வாதம் சரியானது. பரவாமலே வாழ்ந்த ஓர் இனமாக ஆடுவதற்கு அந்த ஆட்டத்தில் வழியே இல்லை.

மொத்தத்தில் பார்த்தால், இந்தத் தொடரின் விதிகள் எல்லாம் ஏறுமுகத்துக்கு மட்டும் எழுதப்பட்டவை. ஒரு மாகாணத்தை விட்டுக்கொடுத்து மீதியைக் காப்பாற்றும் முடிவுக்கு அவை மதிப்புக் கொடுப்பதில்லை. ஒரே ஒரு விலக்கு 'பியாண்ட் தி ஸ்வோர்டு'. அதில் வேற்றுக் கண்டத்தில் எழுப்பிய நகரங்களுக்குக் காலனிச் செலவு தனியாக ஏறும். செலவு கழுத்தை நெரித்தால் அந்த நகரங்களைத் தனி நாடாக விடுவித்து, தனக்குக் கட்டுப்பட்ட நட்பு நாடாக வைத்துக்கொள்ளலாம். சுருங்குவதையும் ஓர் உத்தியாக மதித்த அந்த விதியை ஐந்தாம் பாகத்திலும் ஆறாம் பாகத்திலும் காணவில்லை. ஃபிராக்சிஸ் அடுத்த பாகத்தை எழுதும்போது குடியிருப்பு வரம்பைக் கைவிட்டுவிட்டு அதை மறுபடி எடுத்து வளர்க்க வேண்டும்.